புதன்கிழமை பேட்ச்

பொம்மனஹள்ளியில் இளவேனிலிடம் இப்போதெல்லாம் யாரும் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்வதில்லை. சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார், தண்ணீர் லாரிக்காரர் சொல்லிப் பார்த்தார். எலக்ட்ரானிக் சிட்டியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் மேலாளர் ஒருவர் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டு, அன்று மத்தியானம் வரை தன் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. பெங்களூரில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் நகராது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றால் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு இடம் கிடைக்கும், ஹோட்டலில் முன்பின் தெரியாதவர் மேஜையில் நம் தட்டையும் வைத்துக்கொள்ளலாம். அதிலெல்லாம் இளவேனிலுக்கு வழக்கு எதுவும் இல்லை. அவளும் நகர்ந்து இடம் கொடுக்கிறவள்தான். ஆனால் சொல்கிறவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் சொல்ல, எழுந்து நகர வேண்டியது எதிரில் நிற்பவர் மட்டும்தான் என்றால், அங்கேதான் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இந்தக் கோபம் அவளோடு கூடப் பிறந்தது என்று அவள் அம்மா சொல்வாள். அது சரியல்ல. அது 1997-ல், பி.ஏ. முதல் வருஷத்தில், ஒரு டைம்டேபிளைப் பார்த்தபோது வந்தது.

அப்பா பச்சைமுத்து தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஓசூர் ரோட்டில் ஒரு ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். அம்மா கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான், ஒரு முழுச் சட்டையை அவள் தைத்ததே இல்லை. தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்ததிலிருந்து, பஸ்ஸில் தமிழில் பேச வேண்டி வந்தால் அப்பாவின் குரல் தானாகத் தணிந்துவிடும். அந்த நாட்களில் எதிர்வீட்டுக் கன்னடக்காரர்தான் நாற்காலியைக் கொண்டுவந்து இவர்கள் வாசலில் போட்டு உட்கார்ந்து காவல் இருந்தார் என்பதையும் அதே அப்பாதான் சொல்வார்.

இளவேனில் ஏழாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தாள். அதற்கப்புறம் இங்கிலீஷ் மீடியம். ஆனாலும் இரண்டாம் மொழியாகத் தமிழை விடவில்லை. விடாததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. தமிழ் அவளுக்கு வரும், மற்றது வராது. கொடி பிடிக்கிற ரகமில்லை அவள். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் என்று பி.ஏ.வில் இடம் கிடைத்தபோதும் இரண்டாம் மொழி என்ற கட்டத்தில் யோசிக்காமல் தமிழ் என்றே எழுதினாள்.

வரலாறு படித்த பெண்ணுக்கு அந்தக் காலத்துப் பெங்களூர் என்ன வேலை வைத்திருந்தது? அக்கம்பக்கத்தில் பி.ஏ. முடித்த அக்காக்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் அம்மாவோடு அதே கார்மெண்ட்ஸ் வேனில் போய்வந்தார்கள். பட்டம் வாங்கியதற்கு மரியாதையாக அவர்களைத் தைக்கவிடாமல் செக்கிங் மேஜையில் நிற்கவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இளவேனில் அந்த வேனைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். அதனால்தான் கல்லூரி நோட்டீஸ் போர்டில், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காத முதல் வருஷ மாணவிகளுக்கு ஒரு வருஷச் சான்றிதழ் படிப்பு என்று பார்த்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்று படித்தாள்.

கல்லூரிகளுக்கு ஒரு குணம் உண்டு. வாசல் வைக்கும்போதே பூட்டையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். நாலு பேப்பர் எழுத வேண்டும். சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் தேறினால்தான் அடுத்த பேப்பரான டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். பிளஸ் டூவுக்குச் சமமான பி.யூ.சி.யில் கணக்கு படிக்காதவர்கள் முதலில் ஒரு மாதம் பிரிட்ஜ் கோர்ஸ் படித்து, அதில் தேற வேண்டும். லேபில் முக்கால்வாசி நாள் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிராக்டிகல் எழுத முடியாது, பிராக்டிகல் இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. இளவேனில் பிரிட்ஜ் கோர்ஸில் சேர்ந்தாள். பி.ஏ. பெண்களில் பாதிப் பேர் லாகரிதம் வந்த வாரமே கழன்றுகொண்டார்கள். அவள் முதல் தேர்வில் தோற்று, மறுதேர்வில் விளிம்பில் தேறினாள். தேறிய சந்தோஷத்தில் தோழிகளுக்குக் கேண்டீனில் மசால்தோசை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தபோதுதான் டைம்டேபிளை ஒட்டியிருந்தார்கள்.

சான்றிதழ் படிப்புக்கு லேபில் இரண்டு பேட்ச். பி.எஸ்சி. பெண்களுக்குப் புதன்கிழமை மத்தியானம். பி.ஏ., பி.காம். பெண்களுக்கு வியாழக்கிழமை காலை எட்டு மணி. தமிழ் வகுப்பும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான்.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. டைம்டேபிள் போட்டவர்களுக்குத் தமிழ் எடுத்த ஒரு பெண் கம்ப்யூட்டர் பக்கம் வருவாள் என்று தோன்றவே இல்லை, அவ்வளவுதான். கன்னடம், இந்தி, சமஸ்கிருதம், அடிஷனல் இங்கிலீஷ் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். தமிழை மறந்துபோனார்கள். வேண்டுமென்று செய்திருந்தால்கூட இளவேனிலுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. எதிரியாக நினைப்பதற்காவது நம்மை ஒருமுறை நினைக்க வேண்டுமே.

தமிழ் சொல்லிக்கொடுத்த கோதண்டராமன் பகுதிநேர விரிவுரையாளர். இங்கே வகுப்பை முடித்ததும் மொபெட்டை மிதித்துக்கொண்டு ராஜாஜிநகரில் இன்னொரு கல்லூரிக்கு ஓட வேண்டும். அவருக்குக் காலையில் இந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை. அது மட்டுமில்லை, ஐந்து பேருக்குக் குறைந்தால் தமிழ் வகுப்பையே மூடிவிடுவது அங்கே வழக்கம். அந்த வருஷம் இருந்தது ஆறு பேர். அவர்களில் மூன்று பேர் பிரிட்ஜ் கோர்ஸ் தேறியிருந்தார்கள். ஒருத்தி டைம்டேபிளைப் பார்த்த அன்றே சமஸ்கிருதத்துக்கு மாறினாள். இன்னொருத்தி வீட்டில் அழுதுவிட்டுச் சான்றிதழ் படிப்பை விட்டுவிட்டாள். மீதி இருந்தது இளவேனில். அவளும் மொழி மாறினால் தமிழ் வகுப்பு நாலு பேராகி, அந்த நாலு பேரும் வராத மொழியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

துணை முதல்வர் சீனிவாசராகவனிடம் போனாள். அவர் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். தாத்தா காலத்தில் மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்காக வந்து, மூன்று தலைமுறையாகப் பெங்களூரிலேயே வேரூன்றிய குடும்பம். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இளவேனிலும் அதை இன்றுவரை மறுப்பதில்லை. கதவு சாத்தியிருந்ததால் அவளோடு தமிழில் பேசினார். தன் மகளே சமஸ்கிருதம்தான் எடுத்தாள் என்றும், பதிலை இங்கிலீஷிலேயே எழுதலாம், மார்க்கை அள்ளிக்கொட்டுவார்கள் என்றும் ஒரு சித்தப்பாவைப் போல எடுத்துச் சொன்னார். மொழி மாற்றத்துக்கு அப்பாவின் கையெழுத்து மட்டும் போதுமாம்.

"எதுக்கு சார் நான் மாறணும்? டைம்டேபிள மாத்தலாமே."

"அஞ்சாறு பேருக்காகக் காலேஜ் டைம்டேபிளை மாத்த முடியுமாம்மா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

அப்படியானால் அந்தப் புதன்கிழமை பேட்சிலாவது தன்னைப் போடுங்கள் என்று கேட்டாள். அது பி.எஸ்சி. பேட்ச், அதில் பி.ஏ. மாணவியைச் சேர்க்க விதியில்லை என்றார். எந்த விதி என்று கேட்டாள். இதுவரை யாரும் சேர்ந்ததில்லை என்றார். அதற்குப் பெயர் விதி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் அன்றைக்கு வாயில் வரவில்லை. வெளியே வந்து ஏரிக்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் வந்தது. தனியாக நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம், லேப் வாசலில் மற்றவர்களோடு தானும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்துவிட்டாள். துறைத் தலைவர் நாகரத்னா மேடம் நிமிர்ந்து பார்த்து, எந்த பேட்ச் என்று கன்னடத்தில் கேட்டார். வியாழக்கிழமை பேட்ச், அந்த நேரத்தில் எனக்குத் தமிழ் வகுப்பு இருக்கிறது, அதனால் இன்றைக்கு வந்தேன் என்று இளவேனில் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள். மெஷின் காலியாக இல்லை, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார் மேடம். ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். வருகைப் பதிவேட்டில் உன் பெயர் இல்லை, வந்ததாகப் போடவும் மாட்டேன் என்றார். போட வேண்டாம் என்றாள். மேடம் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓரமாக உட்கார்வதாவது. சுவரோரம் ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்துக்கொண்டு, ரக்ஷா என்ற பி.எஸ்சி. பெண் உட்கார்ந்திருந்த ஏழாம் நம்பர் மெஷினுக்குப் போய் முழங்கையால் இடம் பண்ணினாள். ரக்ஷா மல்லேஸ்வரத்துப் பெண், தாவரவியல் படிக்கிறவள், வாய்த் துடுக்கில் இவளுக்குக் குறைந்தவளில்லை. அவளும் அவளுடைய ஜோடியும் இந்த மூன்றாவது ஆளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். இரண்டு வாரம் கீபோர்டைத் தொடவிடவில்லை. மூன்றாவது வாரம் கரண்ட் போனது. மற்ற பெண்களெல்லாம் வராந்தாவுக்குப் போய்விட, இவர்கள் மூன்று பேர் மட்டும் இருட்டில், கரண்ட் வந்ததும் யார் முதலில் கீபோர்டில் உட்காருவது என்று தமிழும் கன்னடமுமாகச் சண்டை போட்டார்கள். சண்டையின் முடிவில் ஒரு சட்டம் வந்தது. கீபோர்டில் இருப்பவள் புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம், எர்ரர் வந்தால் வாயைத் திறக்காமல் எழுந்திருக்க வேண்டும், அடுத்தவள் உட்காருவாள்.

அந்தச் சட்டத்தால் அதிகம் எழுந்தவள் இளவேனில்தான். அரைப்புள்ளியை விடுவாள், அடைப்பை மூட மறப்பாள், எர்ரர் வந்ததும் மெஷின்தான் தப்பு என்று வாதாடுவாள். ரக்ஷா அவள் தோளைத் தட்டி எழுப்பிவிடுவாள். தீபாவளி வந்தபோது அவர்களுக்குள் சிரிப்பும் கிண்டலும் வந்திருந்தது. ஜனவரியில், இளவேனில் எழுதிய ஒரு புரோகிராம் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி நீலத் திரையில் எர்ரர் இல்லாமல் ஓடி முடிந்தது. அவள் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. அன்று அந்த ஸ்டூல் பூரா நேரமும் அவளுக்கே.

இப்படி ஒரு புதன்கிழமைகூட விடாமல் வந்தாள். வியாழன் காலையில் கோதண்டராமன் வகுப்புக்கும் போனாள். மேடம் அவளுடைய ரெக்கார்டு நோட்டில் மட்டும் மற்றவர்களுக்குப் போடுவது போலவே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை.

மார்ச்சில் வருகை குறைந்தவர்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டினார்கள். வியாழக்கிழமை பேட்ச், இளவேனில், வந்த நாள் ஒன்றுமில்லை. பிராக்டிகலுக்கு அனுமதி கிடையாது. இது வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பட்டியலுக்கு முன்னால் நின்றபோது அம்மாவின் வேன் ஞாபகம் வந்தது.

சீனிவாசராகவன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் நாகரத்னா மேடமும் கோதண்டராமனும் இருந்தார்கள். துணை முதல்வர் சிரித்த முகமாக இருந்தார். வருஷம் முழுக்க அவள் பட்ட பாடு தனக்குத் தெரியும் என்றார். அந்தப் பிடிவாதத்தைப் பாராட்டக்கூடச் செய்தார். பிறகு வழியைச் சொன்னார். வியாழக்கிழமை லேப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக மேடம் தேவையான அளவு 'வந்தாள்' என்று போட்டுவிடுவார். பிராக்டிகல் எழுதலாம், சான்றிதழ் வாங்கலாம். விஷயம் இந்த அறையோடு முடிந்தது.

இளவேனிலுக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை.

"வியாழக்கிழமை நான் லேபுக்கு வரலியே சார். புதன்கிழமைதானே வந்தேன். புதன்கிழமை பேட்ச்ல போடுங்க."

அது ஆகாது என்றார் அவர். புதன்கிழமையில் போட்டால் பி.ஏ. மாணவி பி.எஸ்சி. பேட்சில் உட்காரலாம் என்று கல்லூரியே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நாளைக்கு ஆளாளுக்கு பேட்சை மாற்றிக் கேட்பார்கள். வியாழக்கிழமையில் போட்டால் யாருக்கும் தெரியாது.

எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம். வராத நாளுக்கு வந்தாள் என்று எழுத அவருக்குக் கை கூசவில்லை. வந்த நாளுக்கு வந்தாள் என்று எழுதத்தான் பயம். பொய் எழுதினால் பெட்டிக்குள் கிடக்கும், உண்மையை எழுதினால் நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள்.

அதுவரை மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்த கோதண்டராமன் அப்போது வாய் திறந்தார். "வியாழக்கிழமை எட்டு மணிக்கு இந்தப் பொண்ணு என் கிளாஸ்ல இருந்திருக்கா சார். என் ரெஜிஸ்டர்ல பிரசெண்ட் போட்டிருக்கேன்." பகுதிநேர ஆள், அடுத்த வருஷம் கூப்பிடுவார்களா என்பது இதே மேஜையில் முடிவாக வேண்டிய ஆள், அவ்வளவு சொன்னதே பெரிது. ரெண்டு ரெஜிஸ்டரையும் யார் சேர்த்துவைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றார் துணை முதல்வர்.

"நான் பாப்பேன் சார்" என்றாள் இளவேனில். "நான் வராத நாளுக்கு எனக்கு அட்டெண்டன்ஸ் வேணாம். வந்த நாளுக்குக் குடுங்க."

சீனிவாசராகவனின் சிரிப்பு போய்விட்டது. தரையில் விழுந்ததை எடுத்துக் கையில் கொடுத்தால் தட்டிவிடுகிறாயா என்ற தோரணையில் அவளைப் பார்த்தார். யோசித்துவிட்டு வா, இல்லாவிட்டால் பட்டியல் பட்டியல்தான் என்றார். நாகரத்னா மேடம் லேப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய ரகளை. வலிய வருகிற சீதேவியைக் காலால் உதைக்கிறாள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்தது இதற்குத்தானா, வேனில் ஏறு நாளைக்கே, செக்கிங் மேஜையில் இடம் இருக்கிறது என்றாள். இளவேனிலும் பதிலுக்குக் கத்தினாள். கத்தும்போதே அம்மா சொல்வது சரிதானோ என்றும் உள்ளுக்குள் குடைந்தது. ஒரு பொய், அதுவும் அவள் சொல்லாத பொய். ஊரில் எத்தனை பேர் இதைவிடப் பெரிய பொய்யில் குடித்தனம் நடத்துகிறார்கள். இவள் ஒருத்தி வீம்பு பிடித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அப்பா இரண்டு பேரையும் அடக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு தன் இடது கையை நீட்டினார். அதில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். பிரஸ் மெஷினில் போனது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் கவனக்குறைவு என்றுதான் அவள் சிறுவயதிலிருந்து நினைத்திருந்தாள், ஏனென்றால் நஷ்டஈடு என்று எதுவும் வந்ததில்லை.

"இது போனது செகண்ட் ஷிப்ட்ல" என்றார் அப்பா. "எங்க சூப்பர்வைசர் அன்னிக்கு, ஆள் பத்தல பச்சமுத்து, நீ இரு, கார்டுல மட்டும் ஜெனரல் ஷிப்ட்னு போட்டுக்கறேன், ரெண்டு நாள் லீவா குடுத்துடறேன்னான். சரின்னேன். வெரல் போச்சு. ஆபீஸ்ல போய்க் கேட்டா, அந்த நேரத்துல நீ ஃபேக்டரியிலயே இல்லியே, கார்டு அப்படித்தானே சொல்லுதுன்னான். ரத்தம் அவன் மெஷின்லதான் இருந்துச்சு. நான் இல்லியாம்."

அம்மா தலையில் அடித்துக்கொள்வதை நிறுத்தியிருந்தாள். இது அவளுக்குத் தெரிந்த கதைதான். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டிய வெட்கம் அவருக்கு இத்தனை வருஷமும் இருந்தது.

"நீ இருந்த எடத்துல இருந்தேன்னு எழுதச் சொல்லும்மா. எழுத மாட்டேன்னா, போய் நில்லு. புடிச்சு வெளிய தள்ற வரைக்கும் நில்லு."

இளவேனில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பயம் கழன்றுபோனதா என்றால் இல்லை. பயம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆனால் யோசிக்க எதுவும் பாக்கி இல்லாமல் போயிற்று.

ஏப்ரலில் புதன்கிழமை பேட்சுக்குப் பிராக்டிகல் வைத்தார்கள். வேறு கல்லூரியிலிருந்து பரீட்சை வைக்க ஒரு அம்மையார் வந்திருந்தார். இளவேனில் ரெக்கார்டு நோட்டோடு போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல ஏழாம் நம்பர் மெஷின் பக்கத்தில் நின்றாள். அம்மையார் பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார். நின்றிருந்தவள் நின்றபடியே இருக்க, உன் பெயரென்ன என்று கேட்டார். சொன்னாள். பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, இதில் இல்லையே, வெளியே போம்மா என்றார்.

"இந்த பேட்ச்தான் மேடம். வருஷம் பூரா இங்கதான் இருந்தேன்."

யார் சொன்னது என்று கேட்டார் அம்மையார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு தாளில்கூட அவள் அங்கே இருந்ததற்கு அடையாளம் இல்லை, ஒரு நோட்டில் இருந்த சிவப்புக் கையெழுத்துகளைத் தவிர. அது எந்தக் கிழமை போட்டது என்று அதில் எழுதியிருக்காது. இளவேனில் அந்த நோட்டை விரித்து நீட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

ரக்ஷா எழுந்தாள்.

"நம்ம பேட்சே மேடம்" என்றாள் கன்னடத்தில்.

அவளுடைய ஜோடி எழுந்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண், ஆமாம் மேடம், வாராவாரம் மெஷினோடு சண்டை போடுவாளே, அவள்தான் என்றாள். சிரிப்பு எழுந்தது, அதோடு நாற்காலிகள் நகர்கிற சத்தமும். பரீட்சைக்கு உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றுவிட்டார்கள். இளவேனிலோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராத பெண்களும் நின்றார்கள். கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், சிவாஜிநகரிலிருந்து வரும் உருது பேசும் பெண்கள் இரண்டு பேர். வருஷம் முழுக்கத் தங்களை முழங்கையால் இடித்தவளுக்காக எழுந்து நின்றார்கள்.

அம்மையார் நாகரத்னா மேடத்தைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். மேடம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். துணை முதல்வரின் அறை அதே வராந்தாவின் கோடியில்தான் இருந்தது. பிறகு மேஜைக்கு வந்து, பட்டியலை வாங்கி, கடைசிப் பெயருக்குக் கீழே தன் கையாலேயே இளவேனில் என்று எழுதினார். பக்கத்தில் புதன்கிழமை பேட்ச், முழு வருகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உட்காருங்கள், நேரம் போகிறது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அந்தப் பட்டியல் துணை முதல்வரிடம் கையெழுத்துக்குப் போனது. அவர் அதை ஒரு வாரம் வைத்திருந்தார். வெளி ஆள் முன்னால் எழுதப்பட்டதை அடிக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எட்டாவது நாள் கையெழுத்துப் போட்டார். இளவேனில் சுமாரான மார்க்கில் தேறினாள். அந்தச் சான்றிதழ் அவளை நேராக எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்துவிடவில்லை. அதற்கப்புறமும் இரண்டு சின்னக் கம்பெனிகளில் டேட்டா என்ட்ரி, ஒரு வேலை நீக்கம், மாலை நேரப் படிப்பு என்று நிறைய இருந்தது. ஆனால் அந்த வேனில் அவள் ஏறவில்லை.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது நோட்டீஸ் போர்டில் சான்றிதழ் படிப்பின் விதிகளில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. இரண்டாம் மொழி வகுப்போடு நேரம் மோதினால், மாணவிகள் எந்த லேப் பேட்சிலும் சேரலாம். இவ்வளவுதான் விஷயம். இதை எழுத அரை நிமிஷம் ஆகியிருக்கும். இளவேனில் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படவில்லை. அழுதுகொண்டே சான்றிதழ் படிப்பை விட்ட தோழி இப்போது இரண்டாம் வருஷம், அவளுக்கு இனி அந்த வரியால் பயனில்லை. அதை நினைத்துக் கோபம்தான் வந்தது.

கோபத்தோடேயே இரண்டாம் வருஷச் சேர்க்கைக்கு வரிசையில் நின்றாள். முன்னால் ஒரு அப்பாவும் மகளும், பார்த்தால் ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகாதவர்கள் என்று தெரிந்தது. மகள் தமிழ் எடுத்திருக்கிறாள், கம்ப்யூட்டர் சான்றிதழ் படிக்க முடியுமா என்று அந்த மனிதர் தயங்கித் தயங்கிக் கேட்டார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சீனிவாசராகவன் முகம் மலர்ந்து, தமிழிலேயே பதில் சொன்னார்.

"தாராளமாப் படிக்கலாம். தமிழ் எடுத்தவங்க புதன்கிழமை பேட்ச்ல சேந்துக்கலாம். இது நம்ம காலேஜ்ல எப்பவும் இருக்கற வசதிதான்."

"எப்பவும் இல்ல சார்" என்றாள் இளவேனில் பின்னாலிருந்து. "போன வருஷம் இல்ல."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். முன்னால் நின்ற பெண் திரும்பி, அப்புறம் எப்படிக்கா வந்துச்சு என்று கேட்டாள்.

"நான் போய் உக்காந்தேன்" என்றாள் இளவேனில். "அந்த பேட்ச் பொண்ணுங்க எழுந்து நின்னாங்க. மேடம் பேர எழுதுனாங்க. சார் கடைசியா கையெழுத்துப் போட்டாரு."

சீனிவாசராகவன் அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, பெயரென்ன என்று கேட்டார்.